மூன்று முறை வெட்டிய குரல்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவரின் பேச்சைப் பதிவு செய்தேன். கனத்த குரல், நெஞ்சிலிருந்து எழுந்து வரும். தன் வேலைக்காலம் முழுவதையும் இரண்டு மணி நேரத்தில் தங்குதடையின்றிச் சொல்லி முடித்தார். மைக்கின் உடம்பில் 'லோ கட்' என்று ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது. மேஜை அதிர்வு உள்ளே வந்துவிடக்கூடாது என்று அதைப் போட்டுவிட்டேன். ரெக்கார்டரின் மெனுவில் 'ஹெச்பிஎஃப்' என்று ஒரு வரி. ஒலியைச் சுத்தப்படுத்தும் வேறு ஏதோ வசதி என்று எண்ணி அதையும் போட்டேன். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தபோது மென்பொருளில் 'ரம்பிள் ஃபில்டர்' கண்ணில் பட்டது. சரி, அதுவும் இருக்கட்டும் என்று அழுத்தினேன்.

கேட்டுப் பார்த்தால் குரல் இருந்தது, ஆள் இல்லை. சொல் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது. ஆனால் அந்தக் கனம் போய், தொலைபேசியில் யாரோ பேசுவதுபோல் மெலிந்து கிடந்தது.

மைக்கைச் சந்தேகப்பட்டேன், அறையைச் சந்தேகப்பட்டேன். என்ன நடந்தது என்று புரிய ஒரு வாரம் ஆனது. லோ கட், ஹெச்பிஎஃப் (ஹை பாஸ் ஃபில்டர்), ரம்பிள் ஃபில்டர் மூன்றும் ஒன்றுதான், தாழ்ந்த ஒலியைக் குறைப்பவை. மூன்று பெயரில் ஒரே கத்தியை எடுத்து ஒரே இடத்தில் மூன்று முறை வெட்டியிருக்கிறேன். மூன்றுமே 100 ஹெர்ட்ஸில் அமைந்திருந்தன. அவர் குரலின் அடிநாதமும் ஏறத்தாழ அங்கேதான் இருந்தது. அந்த இடத்தில் ஒவ்வொன்றும் 3 டெசிபெல் எடுத்துக்கொள்ள, மொத்தம் 9 டெசிபெல் போயிருந்தது. அடிநாதத்தின் ஆற்றலில் எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். மென்பொருளில் செய்ததை எடுத்துவிட முடிந்தது. மற்ற இரண்டும் பதிவிலேயே ஊறிவிட்டிருந்தன. கீழ்ப்பகுதியை மெதுவாக ஏற்றிக் கொஞ்சம் மீட்டேன், ஆனால் கூடவே கருவியின் இரைச்சலும் எழுந்து வந்தது.

அன்றிலிருந்து ஃபில்டர்களின் பெயர்கள் மேல் எனக்கு ஒரு தனிக் கவனம். ஒலிப்பதிவு கற்க வருகிறவர்கள் கணக்கைக் கண்டு தடுமாறுவதைவிடப் பெயரைக் கண்டுதான் அதிகம் தடுமாறுகிறார்கள். அந்தத் தடுமாற்றத்தில் அவர்கள் தவறு எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடிப்படைக் குழப்பம் இதுதான். ஹை பாஸ் என்றால் உயர்ந்த அதிர்வெண்களைப் போகவிடுவது. லோ கட் என்றால் தாழ்ந்தவற்றை வெட்டுவது. உயர்ந்தது போக வேண்டுமானால் தாழ்ந்தது நிற்க வேண்டும், ஆகவே இரண்டும் ஒரே பொருள். அதேபோல் லோ பாஸும் ஹை கட்டும் ஒன்று. எழுதிப் படிக்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிரே ஒருவர் பேசக் காத்திருக்க, காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அவசரமாக மெனுவைத் தேடும்போது 'கீழே உறுமுகிறது, லோவைப் பிடி' என்றுதான் மனம் சொல்லும். கை நேராக 'லோ பாஸ்'ஸுக்குப் போகும். உறுமல் மட்டும் பத்திரமாக நிற்க, குரல் கம்பளிக்குள் புகுந்துகொள்ளும்.

பழைய ஸ்டீரியோ ஆம்பிளிஃபையர்கள் இதைவிட ஒரு படி மேலே போயின. பலவற்றின் முகப்பில் 'லோ ஃபில்டர்', 'ஹை ஃபில்டர்' என்று இரண்டு பொத்தான்கள் மட்டும் இருக்கும். பாஸா, கட்டா என்று ஒரு வார்த்தை கிடையாது. அங்கே ஹை ஃபில்டர் என்றால் உயர்ந்ததைக் குறைப்பது, அதாவது லோ பாஸ். வேறு சிலவற்றில் 'ரம்பிள்', 'ஸ்கிராட்ச்' என்று இருக்கும். தட்டு சுழலும் மோட்டாரின் உறுமலுக்கு ஒன்று, இசைத்தட்டின் கீறல் ஓசைக்கு மற்றொன்று. இந்தப் பெயர்கள் எனக்குப் பிடிக்கும். எந்த நோய்க்கு என்று மருந்துச் சீட்டிலேயே எழுதியிருப்பதுபோல் இருக்கின்றன. சில கருவிகளில் 'சப்சோனிக் ஃபில்டர்' என்றும் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல் ஒலியைவிட மெதுவாகப் போகும் வேகத்தைக் குறிப்பது. காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வுக்கு இன்ஃப்ராசோனிக் என்பதே சரியான சொல். ஆனாலும் தவறான சொல்தான் ஊன்றிவிட்டது.

ஏன் இப்படி இரட்டைப் பெயர்? இரண்டு தொழில்கள் இரண்டு பக்கத்திலிருந்து ஒரே பொருளைப் பார்த்ததால் என்று நினைக்கிறேன். ஃபில்டர் முதலில் தொலைபேசிக்காரர்களின் சொத்து. 1915ஐ ஒட்டி, அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் ஜார்ஜ் கேம்ப்பெலும் ஜெர்மனியில் கார்ல் வில்லி வாக்னரும் ஒருவரை ஒருவர் சாராமல் மின் அலை வடிகட்டிகளை உருவாக்கினார்கள். ஒரே கம்பியில் பல உரையாடல்களை வெவ்வேறு அதிர்வெண்ணில் ஏற்றி அனுப்பினால், மறுமுனையில் எனக்கு வேண்டியது மட்டும் என்னிடம் வந்துசேர வேண்டும். அவர்களுடைய கேள்வி 'எது போகலாம்?' என்பது. அதனால் அவர்கள் வைத்த பெயர் பாஸ். பதிவுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவரின் கேள்வியோ நேர் எதிரானது. அவருக்கு எல்லாமே ஏற்கெனவே வேண்டியதுதான், தொல்லை தருவது ஒன்றே ஒன்று. 'எதை எடுக்கலாம்?' என்று கேட்பவர் வைத்த பெயர் கட்.

தமிழில் இந்த இரண்டு பார்வையும் உண்டு. நன்னூல் கடைநிலை மாணவருக்குச் சொல்லும் உவமைகளில் ஒன்று நெய்யரி. நல்ல நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைத் தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் அந்த உவமை. ஆனால் அந்தக் கருவிக்குப் பெயர் கசடை வைத்து அமையவில்லை, நெய்யை வைத்து அமைந்திருக்கிறது. ஆக, நெய்யரி ஒரு 'பாஸ்' பெயர். மாணவனைப் பற்றிப் பேசும்போதோ அதே கருவி, அது பிடித்துவைத்த கசடுக்காகப் பழிக்கப்படுகிறது. கடந்துபோவதைப் பார்க்கிறோமா, தங்கிவிடுவதைப் பார்க்கிறோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

'லோ' என்ற சொல்லிலேயே இன்னொரு பள்ளம் இருக்கிறது. புதிதாகக் கற்க வந்த ஒரு தம்பி என்னிடம், "அண்ணா, லோ கட் போட்டா மெதுவாப் பேசுறது எல்லாம் போயிடாதா?" என்று கேட்டான். அவன் லோ என்பதைச் சத்தத்தின் அளவாக எடுத்துக்கொண்டிருக்கிறான். நாம் அன்றாடம் 'வால்யூமை லோவா வை' என்றுதானே சொல்கிறோம்? மெல்லிய சத்தத்தை அடைக்கும் கருவியும் இருக்கிறது, அதற்கு நாய்ஸ் கேட் என்று பெயர். அது வேறு வேலை. நம் பழைய இசை வழக்கில் மெலிவு, சமன், வலிவு என்று மூன்று நிலைகள் உண்டு. தாழ்ந்த, நடு, உயர்ந்த ஸ்தாயிகளுக்கு அந்தப் பெயர்கள். இன்று மெலிந்த ஒலி என்றால் யாரும் தாழ்ந்த ஸ்தாயியை நினைக்க மாட்டார்கள், சன்னமான சத்தத்தைத்தான் நினைப்பார்கள். சுருதியும் சத்த அளவும் ஒரே சொல்லுக்குள் மாறி மாறிக் குடியேறுவது ஆங்கிலத்தில் மட்டும் நடப்பதில்லை.

சரி, எந்தப் பக்கம் வெட்டுகிறது என்பது தெளிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது 'கட்ஆஃப்' என்ற சொல். எனக்கு நியாயமே இல்லாததாகத் தோன்றுவது இதுதான். 80 ஹெர்ட்ஸ் கட்ஆஃப் என்றால் அந்த இடத்தில் சுவர் எழுப்பியதுபோல், 79 செத்துவிடும், 81 பிழைத்துக்கொள்ளும் என்று யாருக்கும் தோன்றும். உண்மையில் அங்கே இருப்பது ஒரு சரிவு. பொதுவான வழக்கப்படி ஒலி 3 டெசிபெல் குறைந்திருக்கும் புள்ளிக்குத்தான் கட்ஆஃப் என்று பெயர். அதாவது அங்கே ஆற்றலில் பாதி ஏற்கெனவே போயாகிவிட்டது. 80க்கு மேலேயும் கொஞ்சம் குறைந்திருக்கும், 80க்குக் கீழேயும் நிறைய மிச்சம் இருக்கும்.

எவ்வளவு மிச்சம்? அது சரிவைப் பொறுத்தது. 80 ஹெர்ட்ஸில் வைத்த மிக எளிய ஃபில்டர், அதற்குப் பாதியான 40 ஹெர்ட்ஸில் 7 டெசிபெல்தான் குறைக்கும். அதே 80இல் வைத்த நான்காம் படி பட்டர்வொர்த் என்ற செங்குத்தான வகை ஃபில்டர் அங்கே 24 டெசிபெல் குறைக்கும். இரண்டு கருவியின் முகப்பிலும் அச்சிட்டிருப்பது '80' மட்டும்தான். ஒரே சுவிட்சுக்குள்ளேகூட இது மாறும். ஏகேஜி சி414 எக்ஸ்எல்எஸ் மைக்கில் 40, 80, 160 என்று மூன்று நிலைகள் உண்டு. முதல் இரண்டும் ஸ்தாயிக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் தூரத்துக்கு, 12 டெசிபெல் சரிவு, 160 மட்டும் 6. எண் பெரியதானதும் வெட்டும் கடுமையாகிவிடும் என்று நினைப்போம். அங்கே எண் ஏறும்போது சரிவு இளகுகிறது. பேசுபவர் வாயை மைக்குக்கு நெருக்கி வைக்கும்போது வீங்கும் அடியொலியைச் சமன் செய்ய அந்த மென்மையான நிலை எனக்குக் கைகொடுத்திருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்துப் பயந்து அதைத் தொடாமலேயே பல நாள் இருந்திருக்கிறேன்.

அந்தச் சரிவுக்கும் பெயர்கள் ஏராளம். மிக்சிங் செய்பவர் '24 டிபி' என்பார். மின்னணு இசைக்கருவியான சிந்தசைசர் வாசிப்பவர் அதையே 'நாலு போல்' (pole) என்பார். பாடப்புத்தகம் 'நான்காம் படி' என்னும். மின்னணுப் பொறியாளர் 'டெகேடுக்கு 80' என்பார். நான்கும் ஒரே சரிவு. போல் என்பது ஃபில்டரின் ஒரு படி, ஒவ்வொன்றும் ஸ்தாயிக்கு 6 டெசிபெல் தரும். டெகேட் என்பது இங்கே பத்து ஆண்டு இல்லை, அதிர்வெண் பத்து மடங்காகும் தூரம். ஆக்டேவ் என்பது இரு மடங்காகும் தூரம். எட்டு என்ற எண் அந்தச் சொல்லில் இருந்தாலும் கணக்கில் எட்டு வராது, ஸ முதல் மேல் ஸ வரை எண்ணினால்தான் எட்டு. நமக்கு ஸ்தாயி என்ற சொல் கையிலேயே இருக்கிறது. 'ஸ்தாயிக்கு 24' என்று சொன்னால் பாட்டுக் கற்றவர் எவருக்கும் உடனே பிடிபடும். சிந்தசைசர் முன்னோடி ராபர்ட் மூகின் புகழ்பெற்ற லேடர் ஃபில்டர், 1969இல் காப்புரிமை பெற்றது, இந்த 24 வகை லோ பாஸ்தான். அதன் கட்ஆஃபைக் கீழே இறக்குவதை வாசிப்பவர்கள் 'மூடுவது' என்கிறார்கள், ஏற்றுவதை 'திறப்பது' என்கிறார்கள். கதவுபோல் நினைத்தால் லோ பாஸ் என்ற பெயரே வேண்டியதில்லை. காதுக்கு நெருக்கமான பேச்சு.

அதிர்வெண்ணையே சொல்லாமல் நேரத்தைச் சொல்லும் வழக்கமும் உண்டு. இசைத்தட்டைப் பதியும்போதும் வாசிக்கும்போதும் தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளை ஏற்றி இறக்கும் ஆர்ஐஏஏ என்ற பொது வளைவை 3180, 318, 75 மைக்ரோ விநாடி என்று மூன்று எண்களால் குறிப்பார்கள். முதன்முதலில் பார்த்தபோது தாமதம் சம்பந்தப்பட்ட ஏதோ என்று நினைத்தேன். அவை ஏறத்தாழ 50, 500, 2122 ஹெர்ட்ஸ் திருப்பங்கள். 1ஐ அந்த நேரத்தாலும் 2π-ஆலும் வகுத்தால் ஹெர்ட்ஸ் வந்துவிடும். அவ்வளவுதான் மர்மம்.

ஸ்பீக்கர் அமைப்பவர்களிடம் போனால் அந்த 3 டெசிபெல் வழக்கும் மாறும். கிராஸ்ஓவர் என்பது தாழ்ந்ததையும் உயர்ந்ததையும் வெவ்வேறு ஸ்பீக்கருக்குப் பிரித்து அனுப்பும் அமைப்பு. சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸும் ரஸ் ரைலியும் உருவாக்கி, லிங்க்விட்ஸ் 1976இல் விவரித்த கிராஸ்ஓவரில், பிரியும் புள்ளியில் இரு பக்கமும் 6 டெசிபெல் குறைந்திருக்கும். இரண்டும் சேரும்போது மட்டம் சரியாக வர வேண்டும் என்பதற்காக அப்படி. பட்டர்வொர்த், பெசல், செபிஷேவ் என்று மெனுவில் வருபவை கம்பெனிப் பெயர்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். எல்லாம் மனிதர்களின் பெயர்கள். பெசலும் செபிஷேவும் 19ஆம் நூற்றாண்டுக் கணிதர்கள், ஆடியோ ஃபில்டர் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்திராதவர்கள்.

கட் என்ற சொல் செய்யும் இன்னொரு கலாட்டாவைச் சொல்லாமல் விட மனமில்லை. 'லோ கட்' வேறு, 'லோ ஷெல்ஃபைக் கட் செய்வது' வேறு. முதலாவதில் கீழே போகப் போக ஒலி குறைந்துகொண்டே போகும், முடிவே இல்லை. இரண்டாவதில் ஒரு படி இறங்கி அங்கேயே மட்டமாக நிற்கும். 6 டெசிபெல் இறக்கினால் 50 ஹெர்ட்ஸிலும் 6, 20 ஹெர்ட்ஸிலும் 6. குரல் கொஞ்சம் தடிமனாக இருக்கிறது என்றால் ஷெல்ஃப் போதும். ஸ்டாண்ட் தரையில் அதிர்கிறது, ஏசி உறுமுகிறது என்றால் ஷெல்ஃப் உதவாது, லோ கட்தான் வேண்டும். 'லோவைக் கொஞ்சம் கட் பண்ணு' என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னால் இரண்டில் எது என்று நான் இப்போது கட்டாயம் கேட்கிறேன். கேட்காமல் செய்து, முழுப் பாட்டின் அடித்தளத்தையே உருவிவிட்ட நாள் ஒன்று உண்டு.

அப்புறம் க்யூ. வேண்டிய அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் ஈக்யூவின் மணி வடிவ வளைவு எவ்வளவு ஒடுக்கம் என்பதைக் காட்டும் எண். இந்த எழுத்தை வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்த கே. எஸ். ஜான்சன் கம்பிச்சுருளின் தரத்தைக் குறிக்க எடுத்துக்கொண்டார். மற்ற எழுத்துகள் ஏற்கெனவே வேறு எதற்காகவோ பயன்பட்டுவிட்டதால் இது மிஞ்சியது. 'குவாலிட்டி' என்ற விரிவு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இந்தப் பெயரால் வரும் வினை என்னவென்றால், க்யூ ஏறினால் தரம் ஏறுகிறது என்று தோன்றிவிடுகிறது. ஈக்யூவில் ஒலியின் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எண் ஏறினால் வளைவு ஒடுங்கும். ஆனால் வேறொரு கருவியில் அதே இடத்தில் 'பேண்ட்வித்' என்று எழுதியிருக்கும், அங்கே எண் ஏறினால் வளைவு அகலும். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் நேர் எதிராகத் திருப்பும். எனக்கு மனப்பாடமாக இருப்பவை இரண்டே இரண்டு: ஒரு ஸ்தாயி அகலம் என்றால் க்யூ 1.41, மூன்றில் ஒரு ஸ்தாயி என்றால் 4.3. இவற்றை வைத்து மற்றதைக் குத்துமதிப்பாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஃபில்டர் என்ற பெயரே பொருந்தாத ஃபில்டர்களும் உண்டு. ஆல் பாஸ் எதையும் தடுக்காது, எல்லாவற்றையும் போகவிட்டு ஃபேஸை, அதாவது அலையின் ஏற்ற இறக்கம் வரும் நேரத்தை, மட்டும் மாற்றும். பாப் ஃபில்டர் மின்சாரம் அறியாத ஒரு துணி அல்லது சல்லடைத் தகடு, வாயிலிருந்து வரும் காற்றடியைச் சிதறடிப்பது அதன் வேலை. கோம் ஃபில்டரோ பெரும்பாலும் நாம் போடுவதே இல்லை, அதுவாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரே குரலை இரண்டு மைக் பிடித்து, ஒன்று 34 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் ஒலி அங்கே ஒரு மில்லி விநாடி தாமதமாகப் போய்ச் சேரும். இரண்டையும் ஒரே அளவில் கூட்டினால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும். வரைந்து பார்த்தால் சீப்பின் பல் மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பெயர். குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். 'எந்த ஃபில்டர் போட்டாய்?' என்று கேட்டால் 'எதுவும் போடலையே' என்பார்கள். உண்மைதான்.

ஆகப் பெயரை நம்பி வேலை செய்வதை நான் விட்டுவிட்டேன். மைக் செய்பவர்கள் பலர் சுவிட்ச் பக்கத்தில் எழுத்துக்குப் பதிலாக ஒரு கோடு வரைகிறார்கள். நேர்கோடு என்றால் எதுவும் இல்லை. இடது முனை கீழே வளைந்த கோடு என்றால் தாழ்ந்தது குறையும். ஷூர் எஸ்எம்7பி மைக்கின் பின்பக்கத்தில் இப்படிச் சின்னச் சின்ன வளைவுகள் உண்டு. சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அவையே காட்டிவிடும். பாஸ், கட், ரோல் ஆஃப் எதுவும் தெரியாத ஒருவர் அந்தக் கோட்டைப் பார்த்தாலே போதும். ஒலியை அறியாதவர்களுக்கும் புரிகிற இந்த ஒரு குறியை எல்லாக் கருவியிலும் போட்டுவிட்டால் எத்தனை பதிவுகள் பிழைக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

கோடு இல்லாத இடத்தில் காது இருக்கிறது. அறிமுகமில்லாத மெனு ஏதாவது வந்தால் வெண்ணிரைச்சலை, அதாவது நிலையம் பிடிக்காத ரேடியோவின் 'ஸ்ஸ்' ஓசையை, அதன் வழியாக விட்டுப் பார்ப்பேன். ஃபில்டரின் எண்ணை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாக நகர்த்தினால், ஓசை சுருங்கிச் சுருங்கி ஊசிபோல் சீறினால் அது கீழே வெட்டுகிறது. மங்கி மங்கிச் சுவருக்கு அப்பால் விழும் அருவிபோல் ஆனால் மேலே வெட்டுகிறது. அரை நிமிட வேலை. பதிவுக்கு முன் அந்த அரை நிமிடத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

தமிழில் இவற்றை எப்படிச் சொல்வது என்றும் யோசித்தேன். வடிகட்டி, வடிப்பான் என்று இரண்டு சொல்லும் புழக்கத்தில் இருக்கின்றன, எதுவும் சரிதான். ஆனால் அவற்றின் முன்னால் 'உயர் கடப்பு', 'தாழ் அனுமதி' என்றெல்லாம் சேர்த்தால் ஆங்கிலத்தின் குழப்பத்தை அப்படியே தமிழுக்கு இறக்குமதி செய்கிறோம். உயர்வைக் கடக்கிறதா, உயர்வானது கடக்கிறதா? கேட்பவர் மறுபடியும் நின்று யோசிக்க வேண்டும். என் குறிப்பேட்டில் நான் எழுதுவது 'கீழ்வெட்டு', 'மேல்வெட்டு' மட்டும்தான். பக்கத்தில் எங்கிருந்து, என்ன சரிவு என்று இரண்டு எண்கள். அந்தத் தம்பியும் இப்போது இப்படியே எழுதுகிறான். ஷெல்ஃபை 'படி' என்கிறான். அது நான் சொல்லிக்கொடுத்ததில்லை, ஆனால் நன்றாக இருக்கிறது.

ரெக்கார்டரின் முதுகில் வெள்ளை டேப் ஒட்டி ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று வரி எழுதுகிறேன். மைக்கில் என்ன, ரெக்கார்டரில் என்ன, மென்பொருளில் என்ன. நேற்று எழுதியது இன்னும் ஒட்டியிருக்கிறது: மைக் - கீழ்வெட்டு 80, சரிவு 12. ரெக்கார்டர் - இல்லை. மென்பொருள் - இல்லை.